ஒரு கோழி, கோழி, கோழியை

செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் விருந்தினர் விடுதியாக மாறிவிட்ட ஒரு பழைய வீட்டில் சமைக்கும் அக்கா, சென்ற மார்கழியில் ஒருநாள் சாப்பாட்டு அறை வாசலில் இருக்கும் கரும்பலகையில் இரவு உணவை முதன்முறையாகப் பிரெஞ்சில் எழுதினார். யாரையும் கேட்கவில்லை. கைபேசியில் தேடித் தேடி, கோலம் போடுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். 'அன் பூலே, அன் புவாசோன்.' கோழி, மீன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அன்று தங்கியிருந்த பிரெஞ்சுத் தம்பதியர் அதைப் படித்துவிட்டு, "ஒரு முழுக் கோழியும் ஒரு முழு மீனும் எங்கள் இரண்டு பேருக்குத் தாங்காதே" என்று கனிவாகச் சொன்னார்களாம்.

மறுநாள் மாலை வகுப்புக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி, நான் எதைத் தப்பாக எழுதினேன்?"

எங்கள் வீட்டு முகப்பில் வாரம் இரண்டு நாள் ஆறேழு பேருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். கார் ஓட்டும் தம்பி ஒருவர், வீடுகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிப் பெண்கள் இருவர், விடுதி வரவேற்பில் இருக்கும் பையன்கள், இந்த அக்கா. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு முன்பிருந்தே இங்கு பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். பாண்டிச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை என்பது அவர்களுக்குப் பழகிய பாதை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு என்பது அன்றாடப் பிழைப்போடு ஒட்டிய மொழி.

அக்காவுக்கு நான் இலக்கண விதி எதையும் சொல்லவில்லை. தமிழிலேயே திருப்பிக் கேட்டேன். "மதியம் நான் ஒரு கோழி சாப்பிட்டேன் என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள்?"

"முழுசாகவா ஆச்சி?"

"சரி. மதியம் கோழி சாப்பிட்டேன் என்றால்?"

"கறிச் சோறு சாப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு துண்டோ நாலு துண்டோ, எனக்கென்ன தெரியும்."

"கோழியைச் சாப்பிட்டுவிட்டேன் என்றால்?"

"எந்தக் கோழியை? ராத்திரிக்கு என்று எடுத்து வைத்திருந்தோமே, அதையா?"

அவ்வளவுதான் பாடம். 'ஒரு கோழி' பிரெஞ்சில் 'அன் பூலே'. வெறும் 'கோழி' என்றால் 'த்யூ பூலே'. 'கோழியை' என்றால் 'லெ பூலே'. மூன்று வேறுபாடும் அந்த அக்காவின் நாக்கில் பிறந்ததிலிருந்து இருக்கின்றன. பலகையில் அவர் எழுதியிருக்க வேண்டியது 'த்யூ பூலே, த்யூ புவாசோன்'.

எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. முப்பது வருடங்களுக்கு முன்பு நான் படித்த வகுப்பில் பாடம் ஆங்கிலம் வழியாகத்தான் நடந்தது. ஆங்கிலத்தில் 'ஏ' வரும் இடத்தில் 'அன்', 'தி' வரும் இடத்தில் 'லெ' என்று பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப்போட்டார்கள். 'இப்படிப் பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல்லான ஆர்ட்டிக்கிள் தமிழில் கிடையாது, அதனால் உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்' என்று முதல் நாளே சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆங்கிலத்திலேயே 'தி' எங்கே போடுவது என்று தடுமாறிக்கொண்டிருந்த எங்களுக்கு, தெரியாத ஊருக்குத் தெரியாத ஊர் வழியாகவே வழி சொன்னார்கள். இப்போதும் பெரும்பாலான வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. தமிழ்ப் பிள்ளை தன் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு இரவல் வாங்கப் போகிறது.

தமிழில் ஆர்ட்டிக்கிள் என்று தனிச் சொல் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆர்ட்டிக்கிள் செய்யும் வேலையைச் செய்பவை இருக்கின்றன. கேட்பவருக்கு இன்னும் தெரியாத ஒன்றைச் சபைக்குள் கொண்டுவர 'ஒரு'. தெரிந்துவிட்டதைச் சுட்ட 'அந்த'. அதைவிட நுட்பமானது இரண்டாம் வேற்றுமை 'ஐ'. 'தண்ணீர் குடித்தான்' என்றால் தாகம் தணித்துக்கொண்டான். 'தண்ணீரைக் குடித்தான்' என்றால் அங்கே இருந்த குறிப்பிட்ட தண்ணீரைக் குடித்துவிட்டான். இந்த 'ஐ' ஒலிக்கும்போதெல்லாம் பிரெஞ்சில் 'லெ' அல்லது அதன் பெண்பாலான 'லா' நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் என் வகுப்பின் முதல் வாரம். இதற்கும் எல்லை உண்டு. மனிதரைச் சொல்லும்போது தமிழில் 'ஐ' வந்தே தீரும். 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்பதில் அந்தப் பையன் யாரென்று தெரியாவிட்டாலும் 'ஐ' இருக்கிறது. எழுவாயில் 'ஐ' வராது. ஆகவே இது ஊன்றுகோல். கால் பலப்படும்வரை போதும்.

பிரெஞ்சின் 'லெ', 'லா' எங்கிருந்து வந்தன என்று தெரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிரெஞ்சுக்குத் தாய்மொழியான லத்தீனில் ஆர்ட்டிக்கிளே இல்லை, நம் தமிழைப்போல. லத்தீனில் 'அந்த' என்று பொருள்படும் 'இல்லே', 'இல்லா' என்ற சுட்டுச் சொற்கள்தான் பேசிப் பேசித் தேய்ந்து 'லெ', 'லா' ஆயின. 'ஒன்று' என்ற பொருளுள்ள 'ஊனுஸ்', 'ஊனா' தேய்ந்து 'அன்', அதன் பெண்பாலான 'யூன்' ஆயின. 'அந்த'வும் 'ஒரு'வும்தான் அவை, வேறொன்றுமில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பச்சியின் அப்பச்சி, அதாவது அப்பாவின் அப்பா. 1930களில் வியட்நாமின் சைகோனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்தவர். கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போனவர்கள் என்றாலே பர்மாவும் மலாயாவும்தான் பலருக்கு நினைவு வரும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனிலும் நகரத்தார் தொழில் நடத்தும் கிட்டங்கி வைத்திருந்தார்கள்; அங்கே அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. ஐயா மூன்று வருடப் பணிக் கணக்கு முடித்து ஊர் வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டி இரண்டாம் கட்டு அறையில் பெட்டகத்துக்குப் பின்னால் கிடந்தது. நான் பிரெஞ்சு ஓரளவு படித்த பிறகுதான் அதைத் திறந்தேன். தமிழ்ப் பேரேட்டுத் தாள்களுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு கடன் பத்திரம், பிரெஞ்சில். மடிப்பில் தாள் இற்றுப்போயிருந்தது. மசி பழுப்பாகியிருந்தது.

முதல் வரிகளில் 'யூன் சொம்' என்று இருந்தது. 'ஒரு தொகை', அந்நாட்டுப் பணத்தில் இத்தனை பியாஸ்தர் என்று எண்ணிலும் எழுத்திலும். பிறகு 'யூன் ரிசியேர்', ஒரு நெல்வயல், ஈடாக. அதற்குக் கீழே எங்கு பார்த்தாலும் 'லாதித் சொம்', 'லாதித் ரிசியேர்'. 'லாதித்' என்பதில் முதலில் இருப்பது 'லா', அடுத்து வருவது 'சொல்லப்பட்ட'. சொல்லப்பட்ட அந்தத் தொகை, சொல்லப்பட்ட அந்த வயல். நம் பத்திரங்களில் வரும் 'மேற்படி' அல்லவா இது! 'மேற்படி தொகையை', 'மேற்படி நிலத்தை' என்று நம் பத்திர எழுத்தர் ஒவ்வொரு வரியிலும் எழுதுகிறாரே, அதே சொல். கடன் வாங்கியவர் ஆணாக இருந்ததால் அவருக்கு மட்டும் 'லெதி'.

முற்றத்து வெளிச்சத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐயாவுக்குப் பிரெஞ்சு எவ்வளவு தெரியும் என்று வீட்டில் சொல்ல ஆளில்லை. ஆனால் முதல் வரியில் 'யூன்' என்று உள்ளே வந்த வயல், அடுத்த வரியிலிருந்து 'லா' ஆகிவிடுகிறது என்பது அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. வேறு வயலைக் காட்டி யாரும் தப்பித்துவிடக் கூடாது என்பதற்குத்தானே அந்தச் சொல் அங்கே நிற்கிறது.

இதற்குப் பிறகு எந்த மாணவருக்கும் 'யூன்', 'லா' வேறுபாட்டை நான் 'மேற்படி' சொல்லித்தான் புரியவைக்கிறேன். சொத்து வாங்கி விற்ற வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு அப்பத்தா கதை போதும்: ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு இரண்டு பெண்டாட்டி. எந்த அப்பத்தாவும் 'அந்த ஊரில் அந்த ராஜா' என்று கதையைத் தொடங்கியதில்லை.

ஆண்பால் பெண்பால்தான் உண்மையிலேயே நமக்குப் புதிது. நம் தமிழில் தூணும் கதவும் சாவியும் அஃறிணை, அத்தோடு முடிந்தது. பிரெஞ்சில் ஒவ்வொரு பெயருக்கும் பால் உண்டு. வீடு 'லா மெஸோன்', கதவு 'லா போர்த்', சாவி 'லா க்ளே', பெண்பால். சுவர் 'லெ மியூர்', கூரை 'லெ துவா', தேக்கு 'லெ தெக்', ஆண்பால். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் 'லெ காரோ'. கூரையில் வேய்ந்த ஓடு 'லா துயில்'. காரணம் கேட்டால் சொல்ல முடியாது.

வழிகாட்டிப் பெண்களில் ஒருத்தி, வளவு என்ற உள்முற்றத்துத் தூண்களைக் காட்டும்போது 'லா பிலியே' என்று சொல்லிவிட்டு வருத்தத்தோடு வந்தாள். விருந்தினர் ஒருவர் 'லெ பிலியே' என்று திருத்தினாராம். "தூணில் ஆண் என்ன, பெண் என்ன ஆச்சி? அது கனமாக இருப்பதால் ஆணா?" என்று கேட்டாள். இல்லை. அதே தூணை 'கொலோன்' என்றும் சொல்லலாம். அப்போது அது 'லா கொலோன்', பெண்பால்! தேக்கு மாறவில்லை, தூண் மாறவில்லை. சொல்தான் மாறியது. பால் என்பது பொருளுக்கு உரியதல்ல, சொல்லுக்கு உரியது. இதை அவள் பிடித்துக்கொண்ட பிறகு 'ஏன்' என்ற கேள்வி வகுப்பிலிருந்து மறைந்தது. 'எது' என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அதற்கு மனப்பாடம்தான் வழி. குறிப்பேட்டில் தனிச் சொல்லாக எதையும் எழுதக் கூடாது என்பது என் கண்டிப்பு. 'மெஸோன்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு 'லா மெஸோன்' என்று எழுதச் சொல்வேன். ஆர்ட்டிக்கிளோடு சேர்த்து வாயில் ஏறிய சொல் பிறகு அது இல்லாமல் வராது.

பால் தவறினால் பொருளே மாறும் இடங்களும் உண்டு. எங்கள் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவது 'தூர்'. பிள்ளையார்பட்டிக்கு விருந்தினரை அழைத்துப்போகும் தம்பிக்கு இதை அந்தக் கோயில் வாசலிலேயே நிற்கவைத்துச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கோபுரம், 'லா தூர்'. குன்றைச் சுற்றி வலம் வந்தால் அது 'லெ தூர்', சுற்று. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. முன்னால் நிற்கும் ஒற்றைச் சிறு சொல் மட்டும்தான் மேலே பார்க்க வேண்டுமா, சுற்றி நடக்க வேண்டுமா என்று சொல்கிறது. தம்பிக்கு அது மறக்கவேயில்லை.

சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் 'லெ'யும் 'லா'வும் தங்கள் உயிரை விட்டுவிட்டு ஒட்டிக்கொள்ளும். 'லெ' சேர்ந்து 'ஆமி' என்ற நண்பர் 'லாமி' ஆவார். 'லா' சேர்ந்து 'ஓ' என்ற தண்ணீர் 'லோ' ஆகும். எண்ணெய் 'லுயில்' ஆகும். இதைப் புதிதாகப் படிப்பவர்கள் பயப்படுகிறார்கள். நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள் பயப்படலாமா? 'நாட்டு' என்பதும் 'அரசன்' என்பதும் சேரும்போது 'டு'வில் இருந்த உகரம் எங்கே போனது? அதேதான் இங்கேயும். அடுத்த சொல்லைப் பார்த்து முன் சொல் உருமாறுவதும் நமக்குப் பழக்கம்தான். 'ஒரு வீடு' என்கிறோம், 'ஓர் ஊர்' என்று எழுதுகிறோம். எழுத்தில் 'ஹெச்' இருந்தாலும் பிரெஞ்சில் அது ஒலிக்காது, ஆகவே ஹோட்டல் 'லோத்தெல்'. சில 'ஹெச்' சொற்கள் மட்டும் வாய் திறக்காமலே கதவை அடைத்துவிடும். பீன்ஸ் 'லெ அரிக்கோ'தான், ஒட்டாது. அவற்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

இப்படி ஒட்டிக்கொள்ளும்போது பால் மறைந்துவிடுகிறது. 'லோ' ஆணா பெண்ணா என்று காதுக்குத் தெரியாது. அதனால் உயிரில் தொடங்கும் சொற்களை மட்டும் 'அன்', 'யூன்' சேர்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பன்மையில் வேறொரு நிம்மதி. 'லெ', 'லா' இரண்டுக்கும் 'லே'; 'அன்', 'யூன்' இரண்டுக்கும் 'தே'. அவ்வளவே. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் காதைக் கூர்மையாக்க வேண்டும். தமிழில் பன்மை சொல்லின் வாலில் இருக்கிறது: தூண், தூண்கள். பிரெஞ்சில் வாலில் ஒரு 'எஸ்' எழுதுகிறார்கள், சொல்வதில்லை. 'லெ பிலியே', 'லே பிலியே'. தூண் ஒன்றா பலவா என்று தெரிவது அந்த 'லெ'யும் 'லே'யும் வேறுபடும் இடத்தில் மட்டும்தான். நாம் வாலையே பார்த்துப் பழகியவர்கள். சொல்லின் தலையைக் கேட்கப் பழகுவதற்கு எனக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது மாணவர்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நான் சொல்வேன், அவர்கள் ஒரு விரலோ ஐந்து விரலோ காட்ட வேண்டும். அக்கா தவறுவதேயில்லை. தாளிப்பின் ஓசையை வைத்தே பதம் அறிகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை போலும்.

ஆங்கில வழி நம்மை நேராகக் குழியில் தள்ளும் இடம் ஒன்றிருக்கிறது. காப்பி பிடிக்கும் என்று சொல்ல ஆங்கிலத்தில் ஆர்ட்டிக்கிள் வேண்டாம். பிரெஞ்சில் கட்டாயம் வேண்டும்: 'ஜேம் லெ கஃபே'. குடிக்கிறேன் என்றால் 'ஜெ புவா த்யூ கஃபே'. அதே காப்பிக்கு ஏன் ஒரு இடத்தில் 'லெ', இன்னொரு இடத்தில் 'த்யூ' என்று நாங்கள் மாதக்கணக்கில் குழம்பினோம். தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. 'காப்பியை விரும்புகிறேன்.' 'காப்பி குடிக்கிறேன்.' விரும்பும்போது நமக்கும் 'ஐ' வருகிறது! 'தமிழை நேசிக்கிறேன்' என்கிறோம். பிரெஞ்சிலும் 'ஜேம் லெ தமுல்' தான். ஒட்டுமொத்தமாக ஒன்றை விரும்பும்போது முழுவதையும் சுட்டுகிறோம்; குடிக்கும்போது அதில் கொஞ்சத்தைத்தான் எடுக்கிறோம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் 'த்யூ'. பெண்பாலுக்கு 'தெ லா', உயிரெழுத்துக்கு முன்னால் 'தெ ல்'. தண்ணீர் கேட்டால் 'தெ லோ'.

தொழிலைச் சொல்லும்போதும் அப்படித்தான். 'அவர் சமையல்காரர்' என்று தமிழில் சொல்வோம். 'அவர் ஒரு சமையல்காரர்' என்பது ஆங்கிலம் கலந்த பழக்கம். பிரெஞ்சிலும் அங்கே ஆர்ட்டிக்கிள் கிடையாது.

இல்லை என்று சொல்லும்போது என்ன ஆகும் என்பதை அக்காவே கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை. வாழைப்பூ வடைக்கு உப்பு போதவில்லை என்று விருந்தினர் ஒருவர் அடுப்படி வரைக்கும் வந்து கேட்டிருக்கிறார். உப்பு வேண்டும் என்றபோது 'த்யூ செல்' என்றவர், பிறகு மேசையில் இல்லை என்று காட்டி 'பா தெ செல்' என்றாராம். "முதலில் த்யூ, பிறகு தெ. இல்லாத பொருளுக்கு ஆர்ட்டிக்கிளும் போய்விடுமா ஆச்சி?" என்று வந்து கேட்டார். ஆமாம். இல்லை என்று வந்தால் 'அன்', 'யூன்', 'தே', 'த்யூ' எல்லாம் வெறும் 'தெ' ஆகிவிடும். ஆனால் 'உப்பை விரும்பவில்லை' என்றால் 'லெ' அசையாமல் நிற்கும், நம் 'ஐ' நிற்பதுபோல.

சென்ற வாரம் அக்கா இன்னொரு கேள்வியோடு வந்தார். கவுனி அரிசிக்கு 'லெ ரி நுவார்' என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், கறுப்பு அரிசி. "வெள்ளைப் பணியாரத்துக்கு என்ன சொல்வது? அது லெயா, லாவா?" என்றார். பிரெஞ்சில் இல்லாத சொல்லுக்கு யார் பால் கொடுப்பது? நம் கட்டுமரம் அங்கே போய் 'லெ காதாமாரான்' ஆனது. வெட்டிவேர் 'லெ வெதிவேர்'. கறி 'லெ காரி'. வெளியிலிருந்து போன சொற்கள் பெரும்பாலும் ஆண்பாலில்தான் குடியேறுகின்றன, ஆகவே 'லெ' என்று எழுதினால் பெரும்பாலும் தவறாகாது என்றேன். அக்கா சற்று யோசித்தார். "பெரும்பாலும் என்றால் நிச்சயம் இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நேற்று அந்த விடுதிக்குப் போயிருந்தேன். கரும்பலகையில் புதிதாக எழுதியிருந்தது, 'தே பணியாரம்'. "ஒற்றைப் பணியாரம் யார் தின்கிறார்கள் ஆச்சி?" என்றார் அக்கா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.